மூலிகைகளில் உள்ள 'ஈஸ்ட்ரோஜன்' உடம்பில் என்ன செய்கிறது? (விவாத இழை)

தேன்மொழி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 49 வயது. மாதவிடாய் தாறுமாறாகிவிட்டது. ராத்திரியில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு ஏறி, வியர்த்துக் கொட்டி, தூக்கம் கலைந்துவிடுகிறது. கூட வேலை பார்க்கும் தோழி ஒரு மூலிகைக் கேப்ஸ்யூல் டப்பாவைக் கொடுத்து, "இது இயற்கை ஈஸ்ட்ரோஜன், பக்கவிளைவே கிடையாது" என்றாள். லேபிளில் சிவப்பு க்ளோவர், பிளாக் கோஹோஷ், காட்டு வள்ளிக்கிழங்கு, அதிமதுரம், தண்ணீர்விட்டான் கிழங்கு என்று போட்டிருக்கிறது. எது எவ்வளவு என்று இல்லை.

இன்னும் டப்பாவைத் திறக்கவில்லை. செடியில் நிஜமாகவே ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா? டாக்டர் எழுதித் தரும் ஹார்மோன் மாத்திரையும் இதுவும் ஒன்றா? எனக்கு ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை ஓடுகிறது. என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, இப்போது டமாக்சிஃபென் சாப்பிடுகிறார். அவரும் இதையே வாங்கலாமா என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

வேர்த்தூவி:

நான் தாவர வேதியியல் ஆள், மருத்துவர் இல்லை. மூலக்கூறு பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

நம் சினைப்பையில் சுரக்கும் முக்கியமான ஈஸ்ட்ரோஜன் எஸ்ட்ரடையால். அது ஒரு ஸ்டீராய்டு. உங்கள் லேபிளில் உள்ள மூலிகைகள் எதிலும் ஈஸ்ட்ரோஜன் என்று பேசப்படுவது எஸ்ட்ரடையால் அல்ல. செடிகளில் இருப்பவை பெரும்பாலும் பாலிஃபீனால் வகைச் சேர்மங்கள். ஆனால் அவற்றின் வடிவத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. எஸ்ட்ரடையாலின் ஒரு முனையில் ஃபீனால் வளையமும், மறுமுனையில் இன்னொரு ஹைட்ராக்சில் தொகுதியும் உண்டு. ஜெனிஸ்டீன் போன்ற ஐசோஃபிளேவோன்களிலும் இரண்டு முனையிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள், ஏறக்குறைய அதே இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் செல்லுக்குள் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் (ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தியதும் வேலையைத் தொடங்கும் புரதம்) குழிவுக்குள் இவையும் போய்ப் பொருந்திக்கொள்கின்றன. ஃபைட்டோஈஸ்ட்ரோஜன் என்று சொல்வது இவற்றைத்தான்.

முக்கியக் குடும்பங்கள்: சோயாவிலும் சிவப்பு க்ளோவரிலும் ஐசோஃபிளேவோன்கள். ஆளி விதையில் லிக்னான்கள். குதிரைமசாலிலும் க்ளோவர் முளைகளிலும் கூமெஸ்ட்ரால். ஹாப்ஸ் பூவில் 8-பிரெனைல்நாரிஞ்செனின் என்ற சேர்மம். இதுவரை தெரிந்த தாவர ஈஸ்ட்ரோஜன்களில் மிக வலுவானவற்றில் ஒன்று. தாய்லாந்தின் வெள்ளை குவாவ் குருவா கிழங்கில் மிரோஎஸ்ட்ரால், அதுவும் வலுவானதுதான்.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பயறு வகைச் செடிகளின் வேரிலிருந்து கசியும் ஃபிளேவனாய்டுகள் மண்ணிலுள்ள ரைசோபியம் பாக்டீரியாவுக்கு 'வா' என்று கொடுக்கும் சமிக்ஞை. அந்தப் பாக்டீரியா வந்து முடிச்சு போட்டால்தான் செடிக்குத் தழைச்சத்து. பூஞ்சை தாக்கும்போது எதிர்ப்புக்காகச் சுரப்பதும் இதே குடும்பச் சேர்மங்கள்தான். நம் ஏற்பியில் இவை பொருந்துவது தற்செயலா, மேயும் விலங்குகளைக் கட்டுப்படுத்தும் உத்தியா என்று நீண்ட நாளாகவே வாதம் நடக்கிறது.

வலிமையைப் பொறுத்தவரை, செல் சோதனைகளில் ஜெனிஸ்டீன் எஸ்ட்ரடையாலைவிட ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு வரை பலவீனமானது.

ஆதிரை:

ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் கவலைப்படவே வேண்டாமே? அந்த அளவில் நல்லதும் நடக்காது, கெட்டதும் நடக்காது.

கால்நடை நண்பன்:

ஆதிரை, அப்படிக் கணக்குப் போட முடியாது. எங்கள் துறையில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று இருக்கிறது.

1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் சினை பிடிக்காமல் போயின. பிடித்தாலும் பிரசவம் சிக்கலானது, கருப்பை வெளியே தள்ளியது. சினையே ஆகாத ஆடுகளுக்கு மடியில் பால் சுரந்தது. காயடித்த கிடாக்களுக்குக்கூடப் பால் வந்தது. 1946இல் ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். காரணம் மேய்ச்சல் நிலத்தில் விதைத்திருந்த ஒருவகை க்ளோவர். 'க்ளோவர் நோய்' என்றே பெயர் வந்துவிட்டது. நீண்ட காலம் மேய்ந்த பெட்டை ஆடுகளில் மலட்டுத்தன்மை நிரந்தரமாகவே தங்கிவிட்டது. மேய்ச்சலை மாற்றியும் திரும்பவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் புல்லில் அதிகமாக இருந்த ஃபார்மோனோனெட்டின் தன்னளவில் மிகவும் பலவீனமான சேர்மம். ஆட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதை டெய்ட்சீன் என்ற ஐசோஃபிளேவோனாக்கி, பிறகு ஈக்குவால் என்ற வேறு பொருளாக மாற்றின. வேலையைக் காட்டியது ஈக்குவால். அப்புறம் அளவு. ஆடு நாள் முழுக்க அதையே மேய்கிறது. பலவீனமான பொருளும் மலையளவு போனால் வலுவான பொருளின் வேலையைச் செய்யும்.

இன்னொரு உதாரணம். மிருகக்காட்சிசாலைச் சிறுத்தைகள் குட்டி போடாததற்கும் அவற்றின் கல்லீரல் நோய்க்கும் தீவனத்தில் கலந்த சோயா காரணமாக இருக்கலாம் என்று 1987இல் ஓர் ஆய்வு வந்தது. பூனைக் குடும்பத்துக்கு இந்த வகைப் பொருள்களைக் கல்லீரலில் வேறு தொகுதிகளோடு இணைத்து வெளியேற்றும் திறன் குறைவு. ஒரே தீனி ஒரு விலங்குக்குச் சாதாரணம், இன்னொன்றுக்கு ஆபத்து.

மனிதர்கள் ஆடும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. 'செடிதானே, என்ன செய்துவிடும்' என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

வேர்த்தூவி:

கால்நடை நண்பன் சொன்ன ஈக்குவால் விஷயம் மனிதருக்கும் பொருந்தும். அதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த மொத்த விவகாரத்தின் குழப்பமும் பாதி அங்கேதான் இருக்கிறது.

சோயாவிலும் க்ளோவரிலும் உள்ள ஐசோஃபிளேவோன்கள் பெரும்பாலும் சர்க்கரையோடு ஒட்டிய நிலையில் இருக்கும். குடலில் அந்தச் சர்க்கரை கழன்றால்தான் உள்ளே போகும். பிறகு கல்லீரல் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வேறு தொகுதிகளோடு கட்டிச் செயலிழக்க வைக்கிறது. ரத்தத்தில் மொத்த ஜெனிஸ்டீன் அளவு எஸ்ட்ரடையாலைவிட ஆயிரம் மடங்கு இருந்தாலும், கட்டப்படாமல் சுதந்திரமாகத் திரிவது சிறு பகுதிதான்.

அடுத்தது குடல் பாக்டீரியா. டெய்ட்சீனை ஈக்குவாலாக மாற்றும் பாக்டீரியா எல்லோருடைய குடலிலும் இல்லை. மேற்கத்திய நாடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, கிழக்கு ஆசிய நாடுகளில் ஏறக்குறைய பாதிப்பேர் ஈக்குவால் உண்டாக்குகிறார்கள். ஒரே கேப்ஸ்யூலைச் சாப்பிட்ட இருவரின் ரத்தத்தில் வேறு வேறு பொருள் ஓடுகிறது. ஆளி விதை லிக்னானும் அப்படித்தான். குடல் பாக்டீரியா அதை எண்டரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றினால்தான் வேலை நடக்கும். எண்டரோலாக்டோனை முதலில் சிறுநீரில் கண்டபோது அது உடம்பே சுரக்கும் புது ஹார்மோனோ என்றுகூட நினைத்தார்கள்.

மூன்றாவது, ஏற்பி ஒன்றல்ல. 1996இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓகே குஸ்டாஃப்சன் குழு இரண்டாவது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டுபிடித்தது. அதற்குப் பீட்டா என்றும் பழையதற்கு ஆல்ஃபா என்றும் பெயர். கருப்பையில் ஆல்ஃபா ஓங்கியிருக்கிறது. சினைப்பை, புராஸ்டேட் போன்ற இடங்களில் பீட்டா நிறைய. ஜெனிஸ்டீனும் ஈக்குவாலும் பீட்டாவோடுதான் அதிகம் ஒட்டும். எஸ்ட்ரடையால் இரண்டையும் ஏறக்குறைய சமமாகப் பிடிக்கும். எனவே இவை ஒரு திசுவில் ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொண்டு, இன்னொன்றில் ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம். அசல் ஈஸ்ட்ரோஜன் நிறைய இருக்கும் உடம்பில் அதன் இடத்தைப் பிடித்துத் தடுக்கவும் கூடும்.

ஆகவே 'ஈஸ்ட்ரோஜன் போன்றது' என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது: எந்த ஏற்பியில், எந்தத் திசுவில், எந்த அளவில்? பெட்ரி தட்டில் கிடைத்த விடையை வைத்துக்கொண்டு உடம்புக்குப் பதில் சொல்ல முடியாது.

மருதாணி:

நான் சித்த மருத்துவ மாணவி. எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. ஒரு வேரில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பிரித்து எடுத்து, ஓர் ஏற்பியில் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, 'இது வேலை செய்யும், இது செய்யாது' என்று தீர்ப்பு சொல்வது சரியா? தண்ணீர்விட்டான் கிழங்கைப் பெண்களுக்குப் பலகாலமாகக் கொடுத்து வருகிறோம். கொடுப்பது ஈஸ்ட்ரோஜன் என்று நினைத்து இல்லை. உடல் வறட்சி, சூடு, சோர்வு எல்லாம் பார்த்து, ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுக்கிறோம். அதை ஒரு கேப்ஸ்யூலில் வெளிநாட்டு மூலிகைகளோடு சேர்த்து 'இயற்கை ஈஸ்ட்ரோஜன்' என்று ஒட்டி விற்பது எங்கள் மருத்துவமும் இல்லை.

வேர்த்தூவி:

மருதாணி, உங்கள் இரண்டாவது பாதியோடு முழுக்க உடன்படுகிறேன். தண்ணீர்விட்டான் கிழங்கில் முக்கியமாக இருப்பவை சதாவரின் என்னும் ஸ்டீராய்டல் சாப்போனின்கள். ஸ்டீராய்டு எலும்புக்கூடு இருப்பதாலேயே அது ஹார்மோன் ஆகிவிடாது. சதாவரி என்றும் அழைக்கப்படும் இந்தக் கிழங்கை 'ஃபைட்டோஈஸ்ட்ரோஜன்' என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் எலிகளில் செய்த சிறு ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். அதை வைத்து மனிதருக்கு ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் பாதியில் ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். முழு வேரையும் கொடுத்தே மனிதர்களிடம் சோதிக்கலாம். ஏற்பியையே பார்க்க வேண்டியதில்லை. சூடு ஏறுவது குறைந்ததா, தூக்கம் வந்ததா என்று எண்ணினால் போதும். அந்தச் சோதனைக்கு எந்த மருத்துவ முறையும் விலக்கு இல்லை என்பது என் எண்ணம்.

லேபிளில் உள்ள மற்றவை:

காட்டு வள்ளிக்கிழங்கு. இதைப் பற்றிய கதைதான் அதிகம் பரவியிருக்கிறது. அதில் டயோஸ்ஜெனின் இருக்கிறது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளியிலிருந்து டயோஸ்ஜெனினை எடுத்து, ஆய்வகத்தில் பல படிகளில் மாற்றி, புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரித்தார். ஸ்டீராய்டு மருந்துத் தொழிலே அதில் வளர்ந்தது. ஆனால் அந்தப் படிகள் குடுவையில் நடந்தவை. நம் உடம்பில் அதைச் செய்யும் நொதி கிடையாது. கிழங்கைத் தின்றாலும், கிரீமாகப் பூசினாலும் புரோஜெஸ்டிரோன் ஆகாது. வெந்தயத்தில் டயோஸ்ஜெனின் இருப்பதை வைத்துச் சொல்லப்படும் ஹார்மோன் கதைக்கும் இதே பதில்தான்.

பிளாக் கோஹோஷ். பல காலம் ஈஸ்ட்ரோஜன் மூலிகை என்றே பேசப்பட்டது. பின்னால் கவனமாகச் செய்த சோதனைகளில் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு சேருவதாகத் தெரியவில்லை. செரோடோனின் ஏற்பிகளில் ஏதோ செய்கிறது என்பது இப்போதைய பேச்சு.

கூடவே ஒன்று: வைடெக்ஸ் என்று விற்கும் ஐரோப்பிய மூலிகை நம் நொச்சியின் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் நொச்சி அல்ல. அதன் வேலை முக்கியமாக டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வழியாக, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைப்பது. ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு இன்னொன்றைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம்.

மகப்பேறு மருத்துவர்:

நல்ல இழை. இப்போது மனிதச் சோதனைகள்.

சூடு ஏறும் தொல்லைக்கு எந்த மருந்தைச் சோதித்தாலும், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே கணிசமாகக் குறையும். சில ஆய்வுகளில் பாதி வரைகூட. தொல்லை காலப்போக்கில் தானாக ஏறி இறங்குவதும் ஒரு காரணம். ஆகவே 'நான் சாப்பிட்டேன், குறைந்தது' என்பது அவருக்கு உண்மை. மூலிகையால் குறைந்தது என்பதற்கு அது போதாது.

2006இல் அமெரிக்காவில் வந்த ஒரு சோதனையில் 351 பெண்களை ஒரு வருடம் பார்த்தார்கள். பிளாக் கோஹோஷ் தனியாக, பல மூலிகைக் கலவை, கலவையோடு சோயா உணவு ஆலோசனை, ஹார்மோன், வெற்று மாத்திரை என்று பிரித்தார்கள். ஹார்மோன் தெளிவாகக் குறைத்தது. மூலிகைகள் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் செய்யவில்லை.

2016இல் 62 ஆய்வுகளை, மொத்தம் 6,653 பெண்களை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்த அலசலில் சோயா, க்ளோவர் போன்ற ஃபைட்டோஈஸ்ட்ரோஜன்களால் சூடு ஏறுவது நாளைக்குச் சராசரியாக ஒரு தடவைக்குச் சற்று மேல் குறைந்தது. பிறப்புறுப்பு வறட்சியும் கொஞ்சம் குறைந்தது. இரவு வியர்வை குறையவில்லை. பல ஆய்வுகளின் தரம் சுமார் என்பதையும் அந்த அலசலே சொல்கிறது. நாளைக்கு மூன்று தடவை வருபவருக்கு ஒன்று குறைவது பெரிய விஷயம். பதினைந்து தடவை வந்து தூக்கமில்லாமல் தவிப்பவருக்கு அது போதாது.

தேன்மொழி, உங்களுக்கு நேரடியாக. டாக்டர் தரும் ஹார்மோனும் இதுவும் ஒன்றல்ல. 2002இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியை இடையில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்ததில் மார்பகப் புற்றுநோயும் வேறு சில ஆபத்துகளும் கூடியதால் எடுத்த முடிவு அது. உலகமே ஹார்மோனைக் கண்டு பயந்தது. மூலிகைக் கேப்ஸ்யூல்களின் சந்தை பெருத்தது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. இப்போதைய பரிந்துரைகளின்படி, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், வேறு தடை இல்லாத பெண்களுக்கு ஹார்மோனின் நன்மை பொதுவாக ஆபத்தைவிட அதிகம். உங்கள் அக்காவின் நோய் உங்கள் கணக்கை மாற்றும், ஆனால் அதனாலேயே கதவு மூடிவிடாது. நேரில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்றால் கபாபென்டின், சில மனச்சோர்வு மருந்துகளின் குறைந்த அளவு, 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெடன்ட் என்று வழிகள் உண்டு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுப் பயிற்சிக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

இன்னொன்று அவசரம். உங்கள் லேபிளில் உள்ள அதிமதுரம். அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்க வைக்கும் நொதியைத் தடுக்கிறது. உடம்பு உப்பைப் பிடித்துவைத்து பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும். நீங்கள் சாப்பிடும் மாத்திரை சிறுநீர் பிரிக்கும் வகையாக இருந்தால் பொட்டாசியம் இன்னும் இறங்கும். இதயத் துடிப்பே தடுமாறலாம். அளவு போடாத அதிமதுரம் உங்களுக்கு வேண்டாம். இந்த டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிளாக் கோஹோஷ் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் லேபிளில் எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறார்கள். கோஹோஷ் என்ற பெயரில் வேறு செடியைக் கலப்பதும் நடக்கிறது, அதனால் எது காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

செவ்வந்தி:

தேன்மொழி, உங்கள் அக்காவின் இடத்தில் நான் இருக்கிறேன். எனக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள வகைக் கட்டி. டமாக்சிஃபென் ஆரம்பித்ததும் இந்தச் சூடு தாங்க முடியாமல் போனது. யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிவிடத் தோன்றும். அந்த நிலைமை எனக்குத் தெரியும். என் புற்றுநோய் மருத்துவர் சோயாவைச் சாதாரண உணவாகச் சாப்பிடலாம், கேப்ஸ்யூல் மட்டும் வேண்டாம் என்றார். ஏன் இந்த வித்தியாசம் என்று டாக்டர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மகப்பேறு மருத்துவர்:

செவ்வந்தி, உங்கள் மருத்துவர் சொன்னது சரி.

டமாக்சிஃபென் மார்பகத்தில் ஏற்பியின் இடத்தைப் பிடித்து ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிறது. ஜெனிஸ்டீன் அதே ஏற்பிக்குப் போட்டியிடும் பொருள். ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் சில அளவுகளில் அது டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுத்திருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம், 2009இல் ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட 5,042 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. உணவில் சோயா அதிகம் சேர்த்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. ஆனால் அவர்கள் சாப்பிட்டது உணவு. அடர்த்தியாகப் பிரித்தெடுத்த கேப்ஸ்யூலைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை.

நீண்ட காலம், அதிக அளவு என்பதற்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 2004இல் வந்த ஓர் இத்தாலிய ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்கள் தினம் 150 மில்லிகிராம் ஐசோஃபிளேவோன் ஐந்து வருடம் சாப்பிட்டார்கள். அவர்களில் சிலருக்குக் கருப்பையின் உட்சவ்வு தடித்தது. வெற்று மாத்திரை பிரிவில் ஒருவருக்கும் இல்லை. புற்றுநோய் வரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் எல்லா ஆய்வுகளையும் பார்த்து, வழக்கமான அளவுகளில் மார்பகம், கருப்பை, தைராய்டு மூன்றிலும் தீங்குக்கான சான்று இல்லை என்றது. அந்த முடிவு மாதவிடாய் நிற்கும் கட்டத்திலும் அதற்குப் பின்னும் உள்ள பெண்களைப் பற்றியது. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களைப் பற்றியது அல்ல.

எது சாப்பிட்டாலும் சரி, மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு துளி ரத்தம் பட்டாலும் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள். 'மூலிகை சூடு' என்று விட்டுவிட வேண்டாம்.

மருதாணி:

டாக்டர், அதிமதுரம் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் வகுப்பிலும் சொல்லப்படுவதுதான். ரத்தக் கொதிப்புக்காரர்களுக்குப் பார்த்துத்தான் கொடுப்போம். செவ்வந்தி அக்கா, டமாக்சிஃபென் சாப்பிடும் யாருக்கும் ஹார்மோன் தொடர்பு சொல்லப்படும் மூலிகையை நான் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கமாட்டேன். எங்கள் பக்கத்திலிருந்தும் இதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

தேன்மொழி:

டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அக்காவிடம் செவ்வந்தி எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒரு சந்தேகம் மட்டும். ஆளி விதைப் பொடி சாப்பிடலாமா? அது கேப்ஸ்யூல் இல்லை, உணவுதானே.

வேர்த்தூவி:

உணவு அளவில் ஆளி விதை பற்றிப் பெரிய பயம் இல்லை. பொடித்துச் சாப்பிட்டால்தான் லிக்னான் வெளியே வரும். முழு விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். சூடு குறைப்பதில் அதற்கு உறுதியான பலன் காணப்படவில்லை. நார்ச்சத்துக்காகச் சாப்பிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

கால்நடை நண்பன்:

என் மனைவிக்குத் தைராய்டு மாத்திரை ஓடுகிறது. சோயாவால் அது வேலை செய்யாது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, உண்மையா டாக்டர்?

மகப்பேறு மருத்துவர்:

லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா குறைக்கலாம். சோயாவை நிறுத்த வேண்டியதில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, சோயாவுக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். சோயா சாப்பிடும் அளவை திடீரென்று கூட்டினாலோ குறைத்தாலோ டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். ஆளி விதைப் பொடி போன்ற நார்ச்சத்து மிகுந்தவற்றையும் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாமல் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது.